துண்டுக்குள்ள மாடு

அஞ்சு டாலருக்கு லோகோ போட்டுத் தாரேன்னு ஃபைவர்ல கடை விரிச்சிருக்கியாமா கண்ணு? உங்கம்மா சொன்னா. நெம்ப சந்தோசம். அமெரிக்காக்காரன் என்ற மகனைத் தேடி வந்து ஆர்டர் கொடுக்கறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டா. எவ்வளவு கெடைக்குதுன்னு மட்டும் ஆருகிட்டயும் வாய் தொறக்கலை. என்ற பொண்ணல்லோ, அந்தப் புத்தி இருக்கத்தான் செய்யும்.

சரி, ஊருக்குச் சொல்லாத கணக்கை நம்ம ரெண்டு பேரும் போட்டுப் பாக்கலாம். அஞ்சு டாலர்ல நூத்துக்கு இருபது ஃபைவர்காரன் கமிஷன். ஒரு டாலர் அங்கயே நின்னுருச்சு. மிச்சம் நாலு. டாலரு 85 ரூவான்னு வெச்சா 340. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுல 2025-26க்கு கவர்மெண்டு போட்ட கூலி எவ்வளவு தெரியுமா? 336 ரூவா. நாலு ரூவா எச்சாச் சம்பாரிக்கறயேப்பா! அந்த நாலு ரூவாயும் டாலரை ரூவாயா மாத்தறப்ப கழிஞ்சு போயிரும், அது வேற. உங்க அமுச்சி ஏரிக்கரைக்கு மம்முட்டி தூக்கிட்டுப் போறப்ப நீ கம்ப்யூட்டர் இன்ஜினியர்னு சிரிச்சே பாரு, இப்ப அவ சிரிக்கோணும். அங்க ரெண்டு தடவை போட்டோ புடிச்சு வருகை போடுவாங்க, அவ்வளவுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி, "அந்த மண்ணைக் கொஞ்சம் நீலமாக்கித் தாங்க"ன்னு ஆரும் அவகிட்டக் கேக்கறதில்லை.

அஞ்சு டாலர் கேவலம்னு நான் சொல்ல வரலை சாமி. 2010ல இஸ்ரேல்ல அந்தக் கடையை ஆரம்பிச்சப்ப எல்லாச் சரக்கும் அஞ்சு டாலர்தான். ஒருத்தன் பொறந்தநாள் பாட்டுப் பாடி வீடியோ அனுப்புவான். இன்னொருத்தன் கடற்கரை மணல்ல உன்ற பேரை எழுதிப் போட்டோ புடிச்சு அனுப்புவான். பத்து நிமிச சோலிக்கு அஞ்சு டாலர்னா ஆருக்குக் கசக்கும்? பொறகு அந்தக் கட்டுப்பாடு போயிருச்சு, அவனவன் விலையை அவனவன் போட்டுக்கலாம்னு ஆச்சு. ஆனா வாங்கறவன் மண்டைக்குள்ள அஞ்சு மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நின்னுக்குச்சு. கடைக்காரன் 2019ல நியூயார்க் பங்குச் சந்தை வரைக்கும் போயிட்டான். மணல்ல பேர் எழுதினவன் எதுவரைக்கும் போனான்னு எவனும் சொல்லக் காணோம்.

நான் மாட்டுத் தரகு பாத்தவன். கண்ணபுரம் சந்தையில துண்டைப் போட்டு மூடி, விரலைப் புடிச்சு விலை பேசுவோம். விலை துண்டுக்குள்ள இருக்கும். மாடு வெளிய நிக்கும். பல்லைப் புடிச்சுப் பாரு, சுழியைப் பாரு, நாலு தப்படி நடக்க விட்டுப் பாருன்னு வெயில்லயே நிக்கும். உங்க கடையில விலையை வெளிய பெருசா எழுதி வெச்சிருக்கீங்க. மாடுதான் துண்டுக்குள்ள இருக்குது. வாங்கறவன் உள்ள காங்கேயம் காளை நிக்குதுன்னு நெனைக்கறான். நீ கன்னுக்குட்டி விக்கறதா நெனைக்கற. துண்டை எடுக்கறப்ப ரெண்டு பேருக்கும் சண்டை.

அந்த டெக்சாஸ்காரன் சமாச்சாரத்தையே எடுத்துக்க. நாய் குளிப்பாட்டற கடைக்கு ஒரு லோகோ வேணும், சிம்பிளாப் போதும்னான். நீயும் போட்டே. நல்லாத்தான் இருந்துச்சு, நாய்னு பாத்ததும் தெரிஞ்சுது. "சூப்பர், ஒரே ஒரு சின்ன மாத்தம்"னான். நெறம் மாத்தினே. நாய் சிரிக்கோணும்னான். சிரிக்க வெச்சே. அவன்ற பொண்டாட்டிக்கு அந்த ஜாதி நாய் புடிக்காதுன்னான். ஜாதியை மாத்தினே, நம்மூர்ல முடியாத காரியம். பொறகு, "மொதல்ல போட்டதே நல்லா இருந்துச்சு, அதையே கொடுத்துரு, அப்புடியே சோர்ஸ் ஃபைலும், விசிட்டிங் கார்டுக்கு ஒண்ணும், டி-சர்ட்டுக்கு ஒண்ணும்." ஒவ்வொரு தடவையும் "சூர் சார், நோ ப்ராப்ளம் சார்"னு அடிச்சது ஆரு? நாயா?

கேட்டது அவன் தப்பில்லை. உன்ற கடைப் போர்டுல என்ன எழுதி வெச்சிருக்கே? "அன்லிமிட்டட் ரிவிஷன்." எல்லையில்லாத் திருத்தம்! அந்த வார்த்தை சாமிக்கே ஆகாது. வரம் கொடுக்கற சாமிகூட மூணு வரத்தோட நிறுத்திக்குது. நீ அஞ்சு டாலருக்கு எல்லையே இல்லைங்கற.

இதைச் சொன்னா ஒடனே நைக்கி கதையைத் தூக்கிட்டு வருவீங்க. 35 டாலருக்குத்தானே அந்த டிக் மார்க்கை வாங்கினாங்க, நமக்கு அஞ்சு போதாதான்னு வாங்கறவன் கேப்பான். நீயும் மண்டையை ஆட்டுவே. கதையை முழுசாக் கேளு. 1971ல போர்ட்லாண்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டியில படிச்சிட்டிருந்த பொண்ணு கரோலின் டேவிட்சன். அங்க முன்ன அக்கவுண்டன்சி பாடம் எடுத்த நைக்கி முதலாளி ஃபில் நைட்டுக்குப் போட்டுக் கொடுத்துச்சு. மணிக்கு ரெண்டு டாலர்னு கணக்கு வெச்சுப் பில் போட்டுச்சு அம்மணி. கவனிச்சியா? மணிக்கணக்கு. அன்னைக்கு 35 டாலர்ங்கறது இன்னைக்கு 250 டாலருக்கு மேல. நீ வாங்கறது இன்னைக்கு அஞ்சு. 1983ல கம்பெனி பெருசான பொறகு அந்தம்மாவைக் கூப்புட்டு வைரம் வெச்ச மோதிரமும் பங்கும் கொடுத்தாங்க. உன்ற டெக்சாஸ்காரனும் ஒரு நா நாய் சாம்ராஜ்யம் கட்டிட்டு மோதிரத்தோட வருவான். அதுவரைக்கும் வெரலை நீட்டிட்டே உக்காந்திரு.

வாங்கறவன் பக்கமும் ரெண்டு வார்த்தை சொல்லோணும், இல்லாட்டி தரகன் ஒரு பக்கம் சாஞ்சுட்டான்னு பேராயிரும். திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கற உன்ற பெரிய மாமனையே எடுத்துக்குவோம். போன நோம்பிக்கு வந்தப்ப திண்ணையில உக்காந்து ஒரே பொலம்பல். ஐரோப்பா பையர் பீஸுக்கு பத்து சென்ட் கொறைங்கறானாம், நூல் வெலை ஏறினது அவனுக்குத் தெரியாதாமா, சாம்பிளை மூணு கலர்ல ஓசியில கேக்கறானாம், ஈவு எரக்கமே இல்லையாமா. எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதே மனுசன் சொந்தமா பிராண்டு ஆரம்பிக்கறேன்னு போனை எடுத்து, ஃபைவர்ல அஞ்சு டாலர்க்காரனைப் புடிச்சு, "மூணு டிசைன், மூணு கலர், நாளைக்குக் காலையில வேணும்"னு தட்டி விட்டாரு. சர்வீஸ் சார்ஜ் அஞ்சரை சதம், சின்ன ஆர்டருக்குத் தனியா ஒண்ணுன்னு பில்லுல அஞ்சுக்கு மேல காட்டுச்சு. அந்தக் கோவத்தையும் படம் போடறவன் மேலயே காட்டினாரு. அந்தக் காசுல ஒரு பைசா அவனுக்குப் போகாதுங்கறது மாமனுக்குத் தெரியுமா? சொன்னாலும் கேக்க மாட்டாரு.

சிங்கம் ஒண்ணு வந்துச்சு. கம்பீரமாத்தான் இருந்துச்சு. மாமன் போர்டு எழுதி, கவரு அடிச்சு, டிரேட்மார்க் பதியலாம்னு வக்கீல்கிட்டப் போனா, அவரு நெட்டுல தேடி அதே சிங்கத்தைக் காட்டறாரு. ஒரு சிங்கம் ஜிம்முல நிக்குது, ஒண்ணு பேக்கரியில நிக்குது, ஒண்ணு டயர் கடையில. ரெடிமேட் படத்துல பேரை மட்டும் மாத்தித் தந்திருக்கான் அந்தப் பையன். ஊருக்கெல்லாம் பொதுவான படத்தை என்றதுன்னு எப்புடிப் பதியறது? சின்னக் கம்பெனிக்கு ஒரு வகுப்புக்குப் பதிவுக் கட்டணமே 4,500 ரூவா. கட்டணம் 4,500, பதியற சரக்கு 425. மாமன் என்னமோ ஏமாத்திட்டான் ஏமாத்திட்டான்னு குதிச்சாரு. அந்தப் பையன் ஏமாத்தலைங்க, அஞ்சு டாலருக்குக் கெடைக்கறது அதுதான்னேன். டீக்கடைக்கு ஒரு போர்டு, வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு படம்னா அந்தச் சிங்கம் போதும், வாங்கலாம், தப்பில்லை. காலத்துக்கும் நிக்கற பிராண்டுக்கு அது ஆகாது. அப்புறம் இன்னொண்ணு. "நல்லா இருக்கோணும், கண்ணைப் பறிக்கோணும்"னு மட்டும் எழுதி அனுப்பினா அந்தப் பையன் என்னத்தைப் போடுவான்? கடை என்ன, வாங்கறவன் ஆரு, போர்டுல வருதா துணியில தைக்கறதா, எந்த நெறம் ஆகவே ஆகாதுன்னு நாலு வரி எழுதறதுக்கு மாமன்கிட்ட நேரமில்லை. திருத்தம் சொல்றதுக்கு மட்டும் ராத்திரி பூரா நேரம் இருந்துச்சு.

இப்ப உன்ற கதைக்கு வரேன். புதுசா வந்தவன், நட்சத்திரம் விழுகற வரைக்கும் விலையைக் கொறைச்சுப் போடறேங்கற. ஞாயம்தான், வேண்டாங்கலை. ஆனா விலையைக் கொறைக்கறப்ப சோலியையும் கொறைக்கோணும்ல? அஞ்சு டாலருக்கு ஒரே ஒரு டிசைன், ஒரு பிஎன்ஜி, ஒரு தடவை திருத்தம், அதும் நெறமும் எழுத்தும்தான், படத்தை மாத்தறதுக்கு இல்லை. சோர்ஸ் ஃபைல் இல்லை. இல்லைங்கறதை எல்லாம் பெருசா மேல எழுது. அங்கயே பேசிக், ஸ்டாண்டர்ட், பிரீமியம்னு மூணு கட்டம் வெச்சிருக்கானல்லோ, அதை எதுக்கு வெச்சிருக்கான்னு நெனைக்கற? நீ மூணுலயும் ஒரே சோத்தைப் போட்டு, கிண்ணத்தை மட்டும் மாத்தி வெச்சிருக்கே. பேசிக்லயே எல்லாம் கெடைக்கறப்ப பிரீமியத்தை எவன் தொடுவான்?

விலை போடறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்குது, தரகனுக்குத்தான் தெரியும். மாசம் 20,000 வேணும்னு வெய்யி. நாள் பூரா உக்காந்தாலும் காசு தர்ற சோலி மாசத்துக்கு நூறு மணி நேரம்தான் தேறும், மிச்சமெல்லாம் ஆர்டருக்குக் காத்துக் கெடக்கறதுதான். அப்ப மணிக்கு 200. கமிஷன் இருபது சதம், 40 ரூவா, 240 போட்டா சரியாப் போச்சுன்னு நீ நெனைப்ப. போகாது. 240ல இருபது சதம் 48, கையில நிக்கறது 192. 250 போட்டாத்தான் 200 வரும். டாலர்ல மணிக்கு மூணு. உன்ற நாய் லோகோவுக்குப் படம் போட ஒரு மணி, சேட்டுக்கு ஒரு மணி, திருத்தத்துக்கு நாலு மணி. பதினெட்டு டாலர் சோலியை அஞ்சுக்கு வித்துட்டு, மிச்சப் பதிமூணை அந்த டெக்சாஸ்காரனுக்கு மொய் வெச்சிருக்கே. அவன் ஊட்டுக் கலியாணத்துக்கு உன்னைக் கூப்புட்டானா?

எவனாச்சும் இன்னும் பத்து தடவை திருத்தலைன்னா ஒத்தை நட்சத்திரம் போடுவேன்னு மெரட்டறானா, பதறிட்டு வாட்ஸ்அப் நம்பர் கொடுத்துராத, வெளிய போய்ப் பேசினா உன்ற கணக்கையே முடக்கிருவாங்க. மெரட்டறதை அங்கயே சேட்டுல எழுத விடு. பதிலுக்கு நீ திட்டாத. "அய்யா, பேசினது ஒரு திருத்தம், அது முடிஞ்சுது, அடுத்ததுக்கு இத்தன டாலர், அனுப்பட்டுங்களா"ன்னு மரியாதையாக் கேளு. முக்காவாசிப் பேரு அங்கயே அடங்கிருவான். நீ வேலையைக் கொடுத்த பொறகு அவன் மூணு நா வாயே தொறக்கலைன்னா ஆர்டர் தானா முடிஞ்சுதுன்னு ஆயிரும், அதனால சும்மா சும்மா "புடிச்சுதுங்களா, புடிச்சுதுங்களா"ன்னு தூங்கறவனை எழுப்பாத. எல்லாம் முடிஞ்சாலும் காசு உன்ற கையில வர இன்னும் பதினாலு நா ஆகும். அதுக்குள்ள புது போனுக்குத் தவணை கட்டறேன்னு கெளம்பிராத.

இப்ப அந்த சாட்ஜிபிடி ஓசியிலயே படம் போட்டுத் தருதாமா, உன்ற பொழப்பு போச்சுன்னு அழுதியாமா. அழுகாத. நம்ம தர்மகர்த்தாவும் நோம்பி நோட்டீசை அதுலயேதான் போடச் சொல்லிப் பாத்தாரு. அம்மன் ஜோரா வந்துருச்சு. கீழ தமிழ்ல பேரு எழுதச் சொன்னா, கொம்பு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம், எந்த நாட்டு எழுத்துன்னே தெரியலை. நன்கொடை கொடுத்தவன் பேரை அப்புடி அடிச்சா அடுத்த வருசம் எவன் கொடுப்பான்? மனுசன் தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு.

அதான் நான் பேசி முடிச்சுட்டேன் கண்ணு. நீதான் போடறே. ஒரு டிசைன், ரெண்டு திருத்தம், பேருல எழுத்துப் பெழை இருந்தா மட்டும் ஓசியில திருத்தம். நன்கொடையாளர் போட்டோ சேர்த்தா போட்டோவுக்கு இத்தனைன்னு தனிக் கணக்கு. பஞ்சாயத்துப் பிரசிடெண்டு படம் பெருசா வேணும்னு கேப்பாரு, அதுக்கும் தனி. எல்லாத்தையும் தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கியாச்சு. மொத்தம் ரெண்டாயிரம். தர்மகர்த்தா இழுத்தாரு, உங்கம்மா அமெரிக்கா ஆர்டர் கதையைச் சொல்லி வெச்சிருந்தது நல்லதாப் போச்சு, ஒத்துக்கிட்டாரு.

உனக்கு ஆயிரத்து அறுநூறு. என்னடா மொறைக்கறே? ஃபைவர்காரன் எடுத்தா சிஸ்டம், அப்புச்சி எடுத்தாக் கொள்ளையா? பதினாலு நா கழிச்சு வந்து வாங்கிக்க.