போவின் சுவர்கள்: ஒரு கொத்துவேலை ஆய்வு

பல சிறுகதைகளைத் தனித்தனிப் பகுதிகளாகப் படமாக்கி, அவற்றை ஒரே டிக்கெட்டில் காட்டும் வகையைத் தொகுப்புத் திரைப்படம் என்பர். அத்தகைய படம் திகில் வகையைச் சேர்ந்ததாகவும், அதன் கதைகள் புகழ்பெற்ற பழைய எழுத்தாளருடையவையாகவும் இருக்கும்போது, அதைப் பார்ப்பவர்களை இரு பிரிவாக வகுக்கலாம்: மூலக்கதையைப் படிக்காமல் பயப்படுவோர் ஒரு பிரிவினர், படித்துவிட்டுப் பிறரைப் பயப்படவிடாமல் செய்வோர் மற்றொரு பிரிவினர். இரண்டாம் பிரிவினரின் இயல்பை இங்கே விளக்கவேண்டிய தேவையில்லை. இக்கட்டுரையைப் படிக்கும் பொறுமை உடையவர்கள் பெரும்பாலும் அப்பிரிவிலிருந்தே வருவார்கள்.

மூன்று கதைகள் கொண்ட தொகுப்புப் படங்களில் நடுக்கதையே எப்போதும் சிறந்து விளங்குவது ஏன் என்ற வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குச் சான்றாக ரோஜர் கோர்மன் இயக்கி 1962இல் வெளிவந்த ‘டேல்ஸ் ஆஃப் டெரர்’ எடுத்துக்கொள்ளப்படுகிறது. எட்கர் ஆலன் போவின் கதைகளை ரிச்சர்ட் மேதிசன் திரைக்கதையாக்க, ‘மொரெல்லா’, ‘கறுப்புப் பூனை’, ‘வால்டிமர்’ ஆகிய மூன்று பகுதிகளிலும் வின்சென்ட் பிரைஸ் நடித்த படம் இது. மூன்றையும் இணைப்பது பிரைஸின் கனத்த குரலில் வரும் முன்னுரைகள் மட்டுமே. முதற்பகுதியில் இறந்த மனைவியின் உடலை வீட்டிலேயே வைத்திருக்கும் ஒருவரிடம் அவருடைய மகள் வந்து சேர்கிறாள். வீடு தீப்பற்றி எரிகிறது. கோர்மனின் போ படங்களில் வீடு எரியாமல் முடிந்தால் தயாரிப்பாளர் கணக்குக் கேட்பார் போலும். இப்பகுதியைப் பற்றி இவ்வளவு போதும்.

நடுக்கதைக்கு வரலாம். 1843இல் வெளிவந்த ‘கறுப்புப் பூனை’யையும் 1846இல் வெளிவந்த ‘அமாண்டிலாடோ பீப்பாய்’ என்னும் வேறொரு கதையையும் மேதிசன் ஒன்றாகப் பிசைந்து, நகைச்சுவை கலந்து, பீட்டர் லோரேயை முழுநேரக் குடிகாரராகவும் பிரைஸை மது ரசனையில் கரைகண்ட மேட்டுக்குடியினராகவும் ஆக்கிவிட்டார். இருவருக்கும் நடக்கும் மதுச்சுவைப் போட்டியே படத்தின் உச்சம். பிரைஸ் கோப்பையை விளக்கொளியில் உயர்த்தி, முகர்ந்து, ஒரு துளியை வாங்கி, கரையில் போட்ட மீனைப் போல வாயைத் திறந்து மூடி, பின்பு திராட்சை விளைந்த தோட்டத்தையும் ஆண்டையும் சொல்கிறார். லோரேயோ கோப்பையை ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு அதே விடையைச் சொல்கிறார். இந்தக் காட்சியின் நடுவில்தான், அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, இக்கட்டுரையாசிரியரின் வீட்டுக்கூடத்தில் படம் நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர், மைத்துனர் என்று அடையாளம் காட்டவேண்டிய அவசியமில்லாத ஓர் உறவினர். ரிமோட் அவர் கையில் இருந்தது.

“மூலத்துல இந்தப் போட்டியே கிடையாது, அத்தான்.”

அவர் சொன்னது முற்றிலும் சரி என்பதுதான் எரிச்சலின் சாரம். பூனைக்கதையில் மதுப்போட்டி இல்லை. பீப்பாய்க்கதையில் கொலையாகும் மனைவி இல்லை, பூனையும் இல்லை. இவை யாவும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்தி, அறிவிக்கப்பட்டன. இத்தகையோரை மடக்க ஒரே வழி மூலத்திலேயே ஒரு பிழையைக் கண்டுபிடித்துக் காட்டுவது என்று முடிவு செய்யப்பட்டு, இரு கதைகளுக்கும் பொதுவான ஒரே பொருளாகிய சுவர் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டிலும் கொலைகாரர் தாமே சுவர் எழுப்பி ஆளை அதற்குள் வைத்து மூடுகிறார். கட்டடவேலை நடக்கும் வீட்டில் ஒரு வாரமேனும் குடியிருந்த எவருக்கும், கொத்தனார், சித்தாள், மேற்பார்வையாளர் ஆகிய மூவரின் வேலையையும் ஒரே ஆள் ஓர் இரவில் செய்துமுடித்தார் என்பது கொலையைவிடப் பெரிய அதிர்ச்சியைத் தரவேண்டும். இருந்தும் இதுவரை எந்த விமர்சகரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

முதலில் பீப்பாய்க்கதை. மாண்ட்ரெசார் என்னும் பிரபு, தம்மை அவமதித்த ஃபார்ச்சுனாடோவை, அரிய மது ஒன்று இருப்பதாக ஆசைகாட்டித் தம் மாளிகையின் நிலவறைக்கு அழைத்துச் சென்று, ஒரு மாடத்தில் சங்கிலியால் பிணைத்து, கல்லால் அடைக்கிறார். மாடத்தின் ஆழம் 4 அடி, அகலம் 3 அடி, உயரம் 6 அல்லது 7 அடி. கற்கள் 11 வரி. எனவே ஒரு வரிக்குச் சுமார் 7 அங்குலம் வருகிறது. ஏழாம் வரி முடிந்தபோது சுவர் மார்பளவுக்கு வந்தது என்கிறார் மாண்ட்ரெசார். ஏழேழு நாற்பத்தொன்பது அங்குலம், அதாவது நான்கடிக்குச் சற்று மேல், அது மார்பளவேதான். பென்சிலும் தாளுமாக நள்ளிரவில் உட்கார்ந்து இக்கணக்கைப் போட்டவருக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தை வாசகர் உணரவேண்டும். கருவிகளைப் பொறுத்தவரை, பிரபு தம் அங்கிக்குள்ளேயே ஒரு கரணையை மறைத்துக் கொண்டுவந்திருக்கிறார். ரசமட்டமோ தூக்குக்குண்டோ கொண்டுவந்ததாகக் குறிப்பில்லை. ஆனால் 3 அடி அகலமுள்ள சுவருக்குத் தூக்குக்குண்டு பிடிக்கும் கொத்தனாரை எந்த ஊரிலும் காணமுடியாது என்பதால் இக்குற்றச்சாட்டும் நிற்கவில்லை. கல்லும் சாந்தும் எலும்புக்குவியலுக்கு அடியில் முன்கூட்டியே பதுக்கப்பட்டிருந்தன. குழைத்த சாந்து காய்ந்துபோயிருக்காதா என்று கேட்கலாம் என்றால், நிலவறைச் சுவர்களில் ஈரம் சொட்டியதை ஆசிரியர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வருகிறார், காற்றுப்படாமல் ஈரத்தில் கிடக்கும் சுண்ணாம்புச் சாந்தோ நெடுநாள் கெடாது. கடைசிக் கல்லைத் தூக்கமுடியாமல் பிரபு திணறுவதைக்கூடப் போ விடவில்லை. வேலைக்காரர்களைத் திருவிழாவுக்குப் போகவிட்டுவிட்டுக் கல் தூக்கினால் அப்படித்தான் ஆகும். மாலை மங்கும் நேரத்தில் ஆளைச் சந்தித்து, நள்ளிரவில் வேலை முடிகிறது. அந்தச் சுவரை அரை நூற்றாண்டாக யாரும் தொடவில்லை என்று அவர் பெருமைப்படுகிறார். இன்றைய கட்டுமான ஒப்பந்தக்காரர் எவரும் அவ்வளவு காலத்துக்கு உத்தரவாதம் எழுதித் தரமாட்டார்.

எனவே பூனைக்கதையே கடைசி நம்பிக்கை. அதில் வருபவர் பிரபு அல்லர், கைநடுக்கமுள்ள குடிகாரர். மனைவியைக் கோடரியால் வெட்டியபின் நிலவறைச் சுவரில் பழைய புகைபோக்கி இருந்து அடைபட்ட இடத்தைக் கடப்பாரையால் பெயர்த்து, உடலை நிறுத்தி, செங்கற்களை மீண்டும் அடுக்குகிறார். சாந்து, மணல், மயிர் ஆகிய மூன்றையும் வாங்கிவந்து பூச்சுக் கலவை தயாரிக்கிறார். போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் 1824இலேயே காப்புரிமை பெறப்பட்டுவிட்டது என்றாலும், விலங்கு மயிரைக் கலந்து விரிசல் விழாமல் பிணைத்துப் பூசும் சுண்ணாம்பு வேலையே அக்காலத்தில் வழக்கம். இங்கேதான் பிடி கிடைத்தது. சுண்ணாம்புப் பூச்சு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சியே இறுகும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். போலீசார் வந்ததோ நான்காம் நாள். நான்கு நாள் பூச்சு என்றால், பழைய சுவரின் நடுவே ஆளுயரத்துக்கு ஓர் ஈரத்திட்டு, குழந்தைகூடச் சுட்டிக்காட்டும் அளவுக்குத் தெரியவேண்டும். இக்கண்டுபிடிப்பு அந்த உறவினரிடம் சற்று உரத்த குரலில் முன்வைக்கப்பட்டது. அவர் பேசாமல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: அந்த நிலவறை முழுவதுமே அண்மையில்தான் பூசப்பட்டது என்றும், அங்கிருந்த ஈரத்தால் எந்தப் பூச்சும் இறுகவில்லை என்றும் போ ஒரு வாக்கியத்தில் எழுதி, அந்த ஓட்டையையும் பூசி வைத்திருக்கிறார்.

எஞ்சியது பூனை. சிறிய பூனையன்று, நன்றாக வளர்ந்த பெரிய பூனை. அது உடலோடு சேர்ந்து சுவருக்குள் போய்விட்டது என்பதைக் கட்டியவர் கவனிக்கவே இல்லையாம். செங்கல் ஒவ்வொன்றையும் கையால் எடுத்து வைத்தவர், கீழே சிந்திய குப்பையைக்கூடப் பொறுக்கியெடுத்தவர், அன்றிரவு கொலையை மனத்தில் சுமந்தபடியே நிம்மதியாகத் தூங்கியவர், பூனையை மட்டும் பார்க்கவில்லை. அதுவும் நான்கு நாட்கள் ஒரு சத்தமும் போடாமல் இருந்துவிட்டு, போலீசார் திரும்பிப் போகும் தறுவாயில், சுவரின் உறுதியை மெச்சி அவர் பிரம்பால் தட்டியவுடன் கத்துகிறது. பூனை உள்ள வீட்டில் ஈரப்பூச்சின்மேல் கால்தடம் விழாமல் எந்தக் கொத்துவேலையும் முடிந்ததில்லை; மணியாஸ்கட்டை என்னும் தேய்ப்புப் பலகையை ஓட்டி வழவழப்பாக்கிய தரையில் அந்த நான்கு குழிகளையும் அடுத்த தலைமுறைதான் காரைபெயர்க்கும்போது காணும். இத்தகைய பிராணி, கலவை குழைக்கும் நேரம் முழுவதும் சுவருக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தது என்பதை நம்பச் சொல்வது வாசகரை அவமதிப்பதாகும். இவ்வாறு வாதம் நிறைவு பெற்றபோது கிடைத்த மறுமொழி:

“அது சாதாரணப் பூனைன்னு போ எங்க சொன்னார், அத்தான்?”

இதற்கு மேல் சுவரைப் பற்றிப் பேச இயலாது. நடுக்கதைக் கோட்பாட்டுக்குத் திரும்பினால், அதற்கும் சில இடையூறுகள் உள்ளன. வதீம், மால், ஃபெல்லினி ஆகிய மூவர் ஆளுக்கொரு போ கதையை எடுத்த 1968ஆம் ஆண்டுப் படத்தில் எல்லாரும் கொண்டாடுவது கடைசியில் வரும் ஃபெல்லினியின் பகுதியை. 1945இல் இங்கிலாந்தின் ஈலிங் நிறுவனம் எடுத்த ‘டெட் ஆஃப் நைட்’ படத்திலும் பேசும் பொம்மைக்காரரின் கதை ஏறக்குறைய கடைசியில்தான் வருகிறது. லாஃப்காடியோ ஹெர்னின் கதைகளைக் கொண்டு மசாகி கோபயாஷி 1964இல் எடுத்த ‘குவைடான்’ படத்திலோ நான்கு கதைகள் இருப்பதால் நடு என்ற ஒன்றே இல்லை. இவற்றை விதிவிலக்குகள் என்று கொள்வதே ஆய்வுக்கு வசதியானது.

மூன்றாம் பகுதியாகிய ‘வால்டிமர்’ மெஸ்மரிசத்தைப் பற்றியது. 18ஆம் நூற்றாண்டில் ஃபிரான்ஸ் மெஸ்மர் என்னும் மருத்துவர் பரப்பிய, கையசைவாலும் பார்வையாலும் நோயாளியை ஒருவகை உறக்கத்தில் ஆழ்த்தும் முறைக்கு அப்பெயர். சாகும் தறுவாயில் ஒருவரை இவ்வாறு உறங்கவைத்தால் என்ன ஆகும் என்பதே கதை: ஏழு மாதம் உடல் அப்படியே இருக்கிறது, எழுப்பியவுடன் ஒரு நிமிடத்துக்குள் அழுகிக் கரைந்துவிடுகிறது. படத்திலோ பாசில் ரேத்போன் நடித்த மெஸ்மரிசக்காரர் வில்லனாகி, வால்டிமரின் மனைவியை அடைய முயல, பிணம் எழுந்து வந்து அவர்மேல் உருகி வழிகிறது. மூலத்தில் வில்லனும் இல்லை, அடைவதற்கு மனைவியும் இல்லை. இதைக் கூடத்தில் முதலில் சொன்னவர் இக்கட்டுரையாசிரியரே. படத்தை நிறுத்தச் சொல்லி இருமுறை கேட்டும் ரிமோட் கைமாறவில்லை.

1845 டிசம்பரில் இக்கதை வெளிவந்தபோது அதை உண்மைச் செய்தி என்றே பலர் நம்பினார்கள். பாஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் காலியர் என்னும் மெஸ்மரிசக்காரர், ஊரே இதைப் பற்றிப் பேசுவதாகவும், தாமும் அவ்வாறே ஒருவரை மீட்டிருப்பதாகவும் போவுக்குக் கடிதம் எழுதினார். போ அதை மறுக்காமல், தாம் நடத்திய ‘பிராட்வே ஜர்னல்’ இதழிலேயே அச்சிட்டார். எல்லாம் புரளிதான் என்று வேறொருவருக்குக் கடிதத்தில் ஒப்புக்கொண்டது பிற்பாடு. அந்த இதழோ, காலியரின் கடிதத்தை அச்சிட்டபின், வால்டிமருக்குக் கிடைத்த ஏழு மாதம்கூட வாய்க்காமல், 1846 ஜனவரித் தொடக்கத்திலேயே நின்றுபோயிற்று.