டியூஷன் பையில் ஒரு தக்ளி

இந்த இதழில், பின்னல் ஊசியும் தக்ளியும் பிடித்துவிட்ட பள்ளிப் பிள்ளைகளின் கேள்விகள் மட்டும். பெற்றோர் ஒருவரும் நடுவில் நுழைந்திருக்கிறார்.

*காலை ஐந்தரைக்கு டியூஷன், பிறகு பள்ளி, ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி நீட் கோச்சிங். ஊசியை எப்போது எடுப்பது டீச்சர்?*
— பிளஸ் டூ மாணவி, கரூர்

நேரம் கிடைத்தால் எடுக்கலாம் என்று வைத்தாயானால், நீ கல்லூரி சேரும்வரை ஊசி பெட்டியிலேயே தூங்கும். நேரத்தை முதலில் குறி. சின்னதாகக் குறி. 1924-இல் அகமதாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி, பொறுப்பில் இருப்பவர்கள் தினமும் அரை மணி நேரம் நூற்க வேண்டும், மாதம் 2,000 கெஜம் நூல் அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வெள்ளைக்காரனை எதிர்த்துக்கொண்டிருந்தவர்களிடமே காந்தி கேட்டது அரை மணிதான். நாளுக்குப் பிரித்தால் 67 கெஜம்கூட வராது. நீட்டை எதிர்த்து நிற்கும் உனக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

கோச்சிங் முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பதினைந்து நிமிடத்தை வைத்துக்கொள். தூக்கத்திலிருந்து மட்டும் எடுக்காதே. வரிசையின் நடுவில் நிறுத்தும் பழக்கம் வேண்டாம். வரிசையை முடித்து, அடுத்தது எத்தனையாவது வரிசை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையிலேயே போட்டு வை. மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பத்து நிமிடம் போய்விட்டால், மிச்சம் இருப்பது ஐந்துதான்.

*பின்னினால் கவனம் கூடும், மார்க் ஏறும் என்கிறார்களே. நம்பி என் பெண்ணை விடலாமா?*
— ஒரு தந்தை, மதுரை

மார்க் ஏறும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். தந்தால் நீங்கள் அதையும் இன்னொரு டியூஷனாக்கி, மாதாந்திரத் தேர்வு முடிந்ததும் கணக்குக் கேட்பீர்கள். காலையிலிருந்து ராத்திரிவரை உங்கள் பெண் செய்வது எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் மார்க் போடுகிறார். மார்க் போட ஆளில்லாத ஒரு வேலை அவளுக்கு இருக்கட்டும். அவள் பின்னியதைக் காட்டினால், அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். அது போதும்.

*பையன் ஊசி பிடிக்கிறான் என்று வகுப்பே சிரிக்கிறது.*
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், திண்டுக்கல்

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் (அது நடந்தது 2021-இல்) பிரிட்டனின் டாம் டேலி, மேடையிலிருந்து நீரில் பாயும் போட்டியில் தங்கம் வாங்கினார். மற்றவர்கள் போட்டியைப் பார்க்கப் போனபோது பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே இருந்தார். வாங்கிய பதக்கம் கீறாமல் இருக்க ஒரு பையும் பின்னினார். நேரு சிறையில் நூற்ற நூலில் நெய்த புடவையைத்தான் இந்திரா 1942-இல் தன் கல்யாணத்துக்கு உடுத்தினார். ராமேஸ்வரம் கரையில் கிழிந்த வலையைச் சீர்செய்ய உட்கார்ந்திருக்கும் ஆண்களைப் பார்த்து உன் நண்பர்கள் சிரிப்பார்களா?

அடுத்த முறை சிரிக்கிறவன் கையில் ஊசியைக் கொடுத்து, நான்கு வரிசை பின்னச் சொல். இருபது கண்ணி போட்டு ஆரம்பித்தவன் இருபத்து மூன்றில் முடிப்பான். அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினானானால் உனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டான்.

*கணக்கு சார் என் பின்னலைப் பிடுங்கிக்கொண்டார்.*
— பதினொன்றாம் வகுப்பு மாணவி, கோத்தகிரி

பாட நேரத்தில் எடுத்தாயா? அப்படியானால் சார் பக்கம்தான் நான். மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கொள். இடைவேளை உன்னுடையது.

*பீரோவில் தாத்தாவின் தக்ளி கிடைத்தது. சுற்றிப் பார்த்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது.*
— பத்தாம் வகுப்பு மாணவி, கோவில்பட்டி

அதிர்ஷ்டக்காரி நீ. தாத்தா அதைப் பள்ளியிலேயே பிடித்திருக்கலாம். 1937 வார்தா மாநாட்டுக்குப் பிறகு வந்த ஆதாரக் கல்வியில் தக்ளிக்குப் பாடத்திட்டத்திலேயே இடம் இருந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குத் தக்ளி வகுப்பு இன்றும் நினைவிருக்கும். கேட்டுப் பார், கை தானாக அபிநயம் பிடிக்கும்.

இனி அறுவதைப் பார்ப்போம். மருந்துக்கடைப் பஞ்சை எடுத்திருந்தால் அதைக் கீழே வை. தண்ணீரை உறிஞ்சவேண்டும் என்பதற்காக அதன் இயல்பான மெழுகை நீக்கியிருப்பார்கள்; இழை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நீளாது. உங்கள் பக்கத்தில் சர்வோதய சங்கம் இருந்தால் பஞ்சுப் பட்டை கிடைக்குமா என்று கேள். உங்கள் கரிசல் மண்ணின் பருத்தி கருங்கண்ணி. அதன் இழை குட்டை. கோயம்புத்தூரில் உருவாக்கி 1974-இல் வெளிவந்த சுவின் ரகத்துக்கு இழை நீளம், மெல்லிய நூலுக்குப் பேர்போனது. பழகுகிறவளுக்கு நீள இழை சுலபம். ஆனால் கருங்கண்ணியில் கை பழகினவள் எதையும் நூற்பாள்.

பருத்தி இழை குட்டையாக இருப்பதால் தக்ளியின் முழு எடையும் நூலில் தொங்கக் கூடாது. கீழ்முனையைக் கொட்டாங்கச்சியிலோ சின்னக் கிண்ணத்திலோ ஊன்றிவை. வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கம்பியைச் சுண்டு. இடது கையில் பட்டையைப் பிடித்து மெதுவாக மேலே இழு. பட்டையை இறுக்கிப் பிடித்தால் நீளாமல் நிற்கும், தளர விட்டால் பஞ்சு கட்டியாக வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடி இருக்கிறது. அதை வாயால் சொல்லித் தர முடியாது, விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். போதுமான முறுக்கு ஏறிவிட்டதா என்று தெரிய, நூலைக் கொஞ்சம் தளர்த்திப் பார். தன்மேலேயே சுருட்டி முறுக்கிக்கொண்டால் ஏறிவிட்டது. அப்படியே தொய்ந்து தொங்கினால் இன்னும் ஒரு சுண்டு. அறுந்தால் இரண்டு முனையையும் பிரித்துப் பஞ்சாக்கி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து மறுபடி சுண்டு. ஒட்டிக்கொள்ளும்.

ஒரு கணக்கும் தருகிறேன், பத்தாம் வகுப்புக்கு ஆகும். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ, அதுதான் அந்த நூலின் கவுண்ட். அப்படியானால் 20-ஆம் கவுண்ட் நூலில் ஒரு பவுண்டு எத்தனை கெஜம்? 16,800. இதைத் தெரிந்துகொண்டு தாத்தாவின் பழைய கதர் வேட்டியைத் தொட்டுப் பார்.

*விடுதியில் இருக்கிறேன். ராட்டை வைக்க இடமில்லை.*
— பிளஸ் ஒன் மாணவன், நாமக்கல்

பெட்டி ராட்டை உனக்காகவே பிறந்தது. எரவாடா சிறையில் இருந்தபோது, கையில் எடுத்துப் போகும்படியான ராட்டையைப் பற்றி காந்தி நிறைய யோசித்தார், திருத்தினார். மூடினால் புத்தகப் பெட்டி போல இருக்கும், கட்டிலுக்கு அடியில் போய்விடும். சிறைக்குள் இடம் கண்டுபிடித்த கருவிக்கு விடுதி எம்மாத்திரம்? தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் உருவாக்கி, அவர் பெயராலேயே அம்பர் சர்க்கா என்றான ராட்டையும் உண்டு. அருமையான பொறி, ஆனால் பல கதிர் ஓடும் பெரிய உருப்படி. அதை வீட்டுக்கு வைத்துக்கொள். வார்டனிடம் முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்கிவிடு.

*சென்னை வெயிலில் கம்பளி பின்னி யாருக்குப் போடுவது?*
— எட்டாம் வகுப்பு மாணவி, தாம்பரம்

பருத்தி நூலில் பின்னு. பை, கைத்துணி, தண்ணீர் பாட்டிலுக்கு உறை. ஊசி வாங்கக் காசில்லையென்றால் இரண்டு பென்சிலைச் சீவி, முனைக் கரியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஆரம்பி. பருமனான நூலுக்கு அது நல்ல ஊசி.

*அப்பாவுக்கு ஸ்வெட்டர் ஆரம்பித்து ஐந்து மாதம். ஒரு கைகூட முடியவில்லை. பையைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி.*
— பதினொன்றாம் வகுப்பு மாணவி, கொடைக்கானல்

ஸ்வெட்டர் பள்ளிப் பருவத்து வேலையே அல்ல, அது கோடை விடுமுறையின் வேலை. மடித்து வை, மே மாதம் எடு. கண்ணிகள் நழுவாமல் இருக்க ஊசிக்குப் பதில் ஒரு வண்ண நூலைக் கோத்து முடிச்சிடு. ஊசியும் உனக்கு மிச்சம்.

அதுவரை சதுரம் பின்னு. 2016-இல் சென்னையில் குரோஷா பின்னும் பெண்கள் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டர் போர்வை செய்து கின்னஸில் ஏறினார்கள். மைதானத்தையே மூடும் அளவு. அவரவர் வீட்டில், அடுப்பு வேலைக்கும் ஆபீசுக்கும் நடுவில் சின்னச் சின்னச் சதுரமாகப் பின்னி இணைத்ததுதான் அது. வாரத்துக்கு ஒன்று முடிந்தால், முடித்தேன் என்ற சந்தோஷமும் வாரத்துக்கு ஒன்று.

*அரையாண்டுத் தேர்வு வருகிறது. முழுசாக நிறுத்திவிடவா?*
— பத்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

நிறுத்தாதே, எளிதாக்கு. வடிவம் பார்த்து எண்ண வேண்டியதை மூட்டை கட்டு. கண்ணை மூடினாலும் கை ஓடுகிற ஒரே வகைக் கண்ணியில் ஒரு பட்டை போதும். கணக்குத் தேர்வுக்கு முந்தின ராத்திரி பின்னிய வரிசையில் அப்புறம் ஊசியை நுழைத்துப் பார். மற்ற வரிசைகளில் ஊசி சுலபமாக நுழையும். அதில் மட்டும் முட்டும். மனசில் இருக்கிற இறுக்கத்தை நூலும் பிடித்துக்கொள்கிறது. அதைப் பிரிக்காமல் வைத்துக்கொள் என்பேன்.

மணிக்கட்டு வலித்தால் மட்டும் உடனே நிறுத்து. மூன்று மணி நேரம் பேனா பிடிக்க வேண்டிய கை அது.

*அண்ணன் பனியன் கம்பெனியில் இருக்கிறான். "மெஷின் நிமிஷத்தில் செய்வதற்கு நீ ஏன் மாசக்கணக்கில் உட்கார்கிறாய்?" என்கிறான்.*
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருப்பூர்

அண்ணனின் பனியனை வாங்கி வெளிச்சத்தில் பிடி. முன்பக்கம் சின்னச் சின்ன 'வி' எழுத்துகள் மேலிருந்து கீழே அடுக்கி இறங்கும். திருப்பினால் குறுக்கே மேடு மேடாக இருக்கும். இப்போது நீ பின்னிய துண்டைப் பக்கத்தில் வை. ஒரே கண்ணி. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் பின்னல் எந்திரம் செய்தபோது, கை செய்வதைத்தான் அதற்குக் கற்றுக்கொடுத்தார். அண்ணன் ஓட்டும் மெஷின் அந்தப் பரம்பரை.

நீ கையால் ஒரு முறை பின்னியதால், பனியனில் ஒரு கண்ணி விட்டால் ஏன் ஏணி போல இறங்குகிறது என்று உனக்குத் தெரியும். அண்ணனிடம் ஒரு கோன் நூல் கேட்டு வாங்கு. மிச்ச நூல் அங்கே கிடைக்காமல் இருக்காது.

*அரையாண்டு விடுமுறையில் ஒன்றே ஒன்று முடிக்க வேண்டும். என்ன செய்யலாம்?*
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், ஈரோடு

சொந்தத்தில் யாருக்காவது குழந்தை பிறந்திருக்கிறதா? ஒரு குல்லா. மென்மையான பருத்தி நூல். குழந்தையின் தலைச்சுற்றளவை அவர்கள் வீட்டில் டேப் வைத்து அளந்து வாங்கு, ஊகம் வேண்டாம். அதைவிட ஒரு அங்குலம் குறைவாகப் பின்னு. பின்னல் இழுத்துக் கொடுக்கும். கயிறு, பொத்தான் எதுவும் தைக்காதே, குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். துவைத்து, நிழலில் காயவைத்துக் கொடு.