ஞாயிற்றுக்கிழமை ஒரிஜினல்

மடத்துக்குளத்தில் ஒரு காருக்குத் திங்கட்கிழமை சர்வீஸ் என்றால் ஞாயிறு ராத்திரியே தெருவுக்குத் தெரிந்துவிடும். வாசலில் டியூப் லைட் எரியும். ஜாக்கி ஏறும் சத்தம் கேட்கும். காருக்கு அடியிலிருந்து நாலு கால் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு அண்ணனுடையது, இரண்டு மெக்கானிக் தம்பியுடையது. ஒரு வருஷமாக ஆசை ஆசையாய்ப் போட்டதையெல்லாம் இருவரும் சேர்ந்து கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

அண்ணனுக்குப் பெயர் வேண்டாம். உடுமலைக்கும் பழனிக்கும் நடுவே எந்த ஊரில் இறங்கினாலும் அவர் ஒருத்தர் இருப்பார். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் பவர் டேபிள் போட்டு, திருப்பூர் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுப்பார். சொந்தமாகவும் கொஞ்சம் டி-ஷர்ட் போட்டு ஈரோட்டு வியாபாரிகளுக்கு அனுப்புவார். அமராவதிப் பாசனத்தில் ஒரு தோப்பு. யாரையும் ஒரு ரூபாய்கூட ஏமாற்றாத மனுசன். சர்வீஸ் சென்டர் கேட்டுக்குள் நுழைந்தால் மட்டும் வாயில் பொய்யைத் தவிர வேறு வராது.

வண்டி வாங்கியதும் பழனி அடிவாரத்தில் பூஜை. நசுக்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம் டயரில் காய்வதற்குள் கோயமுத்தூர். அந்த ஊரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. கரிவர்தன் தாமே பந்தயக் கார் கட்டிய ஊர் அது. செட்டிப்பாளையத்தில் அவர் பெயரிலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். இவ்வளவு பேர் மூச்சு விட்ட காற்றைக் குடித்துவிட்டு, கம்பெனி கொடுத்த சைலன்சரோடு ஒரு மனுசன் எப்படித்தான் வீடு திரும்புவது?

முதலில் மாறியது சக்கரம். 15 இன்ச் போய் 17 இன்ச் அலாய் வந்தது. முழுசாக ஸ்டியரிங் ஒடித்தால் டயர் உள்ளே உரசிக் கர்ரென்றது. “ஸ்போர்ட்ஸ் வண்டின்னா அப்படித்தானுங்க சத்தம் வரும்” என்றார். அடுத்து ஹெட்லைட். 60/55 வாட்ஸ் பல்பு இருந்த இடத்தில் 100/90 வந்தது. ரிலே வைத்துத் தனி வயர் இழுக்காமல் பழைய ஹோல்டரிலேயே சொருகியதில் ஹோல்டர் பழுத்துக் காவி நிறமானது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்காரர்கள் இவர் எதிரே வந்தால் ஓரம் கட்டி நின்றுவிடுவார்கள்; மரியாதைக்காக என்று அண்ணன் நினைத்துக்கொள்வார். பிறகு கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம், முன்னால் கிராஷ் கார்டு, பானெட்டுக்குள் கம்ப்ரசரோடு ஏர் ஹாரன்.

எல்லாவற்றுக்கும் மேலே, ட்யூனிங் பாக்ஸ். டீசல் காரில் காமன் ரெயிலுக்குள் எவ்வளவு அழுத்தம் என்று ஒரு சென்சார் இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கைக்குள் அடங்கும் இந்தப் பெட்டி நடுவில் உட்கார்ந்துகொண்டு, இருப்பதைவிடக் குறைவாகச் சொல்லும். அதை நம்பி கம்ப்யூட்டர் அழுத்தத்தைக் கூட்டும், டீசல் அதிகம் பாயும், வண்டி சீறும். அண்ணன் சார்பாகப் பொய் சொல்லவென்றே சம்பளமில்லாமல் வைத்த ஆள்.

இதில் பாதிக்கு மேல் சட்டப்படியே ஆகாது. கறுப்பு ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலிலேயே கூடாது என்றது. கிராஷ் கார்டை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைக் காட்டி, தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்று வைத்தார்கள். அண்ணன் வண்டிக்குக் கணக்குப் போட்டால் அபராதம் மாதத் தவணையைத் தாண்டும். அதற்கெல்லாம் அவர் பயப்பட மாட்டார். அவர் பயப்படுவது வாரண்டி ஒன்றுக்குத்தான்.

ஆகவே ஞாயிறு ராத்திரி. கம்பெனிச் சக்கரம் நாலும் பரணில் கொப்பரை மூட்டைக்குப் பின்னால் இருக்கும். சைலன்சர் மாட்டுக்கொட்டகையில். பழைய பல்பு இரண்டும் பூஜை அறையில் மஞ்சப்பைக்குள், யாரும் தொடக் கூடாது என்ற உத்தரவோடு. பையன் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டே தூங்கி விழுவான். டேஷ்போர்டுக்கு அடியில் மெக்கானிக் தம்பி கை விட்டு ஒவ்வொரு வயராகப் பிரிப்பார். உறையைப் பிளேடால் சீவி, செம்பை முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுகள்; சூட்டில் டேப்பின் பசை இளகி விரலில் ஒட்டும். அதைத் துடைத்துவிட்டு, “கப்ளர் போட்டிருந்தா வயரை வெட்டியிருக்கவே வேண்டாம்ணா” என்பார். வெட்டியதும் அவர்தான்.

பன்னிரண்டு மணி வாக்கில் வேலை முடியும். அண்ணி வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு சர்வீஸுக்கும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்பார்: “ஏனுங்க, இப்பத்தான பாக்கறதுக்கு நல்லாயிருக்குது?”

அண்ணன் பதில் சொல்ல மாட்டார்.

திங்கட்கிழமை காலை, கோவையில் ஏசி போட்ட ஒரு சர்வீஸ் சென்டர். பெயர் எதுவாயிருந்தால் என்ன, எல்லா இடத்திலும் அதே கண்ணாடிக் கதவு, அதே காபி மெஷின். டேப்லெட்டோடு சர்வீஸ் அட்வைசர் தம்பி வருவார். வண்டியைச் சுற்றிப் போட்டோ எடுப்பார். தினமும் இப்படிப் பத்து ஞாயிற்றுக்கிழமை ஒரிஜினல்களைப் பார்க்கிறவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாதா? வீல் நட்டில் புதுக் கீறல். இப்போதிருக்கும் டயர் எட்டவே எட்டாத இடத்தில் உரசிய தழும்பு. பழுத்த ஹோல்டர்.

“சார், வெளிய எதாச்சும் ஃபிட் பண்ணியிருந்தீங்களா?”

“ச்சேச்சே. கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியேதானுங்க இருக்குது.”

அட்வைசர் தலையாட்டிவிட்டு ஜாப் கார்டில் என்னவோ எழுதுவார். வண்டியை உள்ளே கொண்டுபோக ஒரு பையன் ஏறுவான். குறுக்கே யாரோ நடக்க, ஹாரனை ஒரு தட்டுத் தட்டுவான். காத்திருக்கும் ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும், லாரி உள்ளே புகுந்துவிட்டது என்று எழுந்து நிற்பார்கள். பன்னிரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஏர் ஹாரனைக் கழற்ற மறந்துபோயிருக்கும்.

“இது கம்பெனி ஹாரனுங்களா சார்?”

“டெலிவரி அன்னிக்கு ஆஃபர்ல குடுத்தாங்கனு நெனைக்கறேனுங்க.”

இதன்பிறகுதான் அசல் வழக்கு. அண்ணன் கொண்டுவந்த புகார் இரண்டு. கிளட்ச் வழுக்குகிறது. இடதுபக்கப் பவர் விண்டோ ஏறவில்லை. அட்வைசர் இரண்டுக்கும் ஒரே பதில் வைத்திருப்பார்: “ஏர் ஹாரன் போட்டிருக்கீங்க சார், வாரண்டியில வராதுங்க.”

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வாரண்டிப் புத்தகம் டேஷ்போர்டு டிராயரில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறது. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர் எல்லாம் தேய்மானப் பொருள், பொதுவாக வாரண்டியில் சேராது என்று அதிலேயே இருக்கும். அதற்கும் மேலே ட்யூனிங் பாக்ஸ் கொடுத்த கூடுதல் இழுவையில் அந்த கிளட்ச் பட்ட பாடு அண்ணனுக்கே தெரியும். பெட்டியைக் கழற்றிவிட்டால் தெரியாது என்று அவர் நினைக்கிறார். ஓட்டிய விதத்தைப் பற்றிப் பல வண்டிகளின் கம்ப்யூட்டர் தன் பங்குக்குக் கணக்கு எழுதி வைத்திருக்கும். கிளட்சுக்குக் கேட்க அவருக்கு வாயே கிடையாது. விண்டோ மோட்டார் கதை வேறு. அது தானாகக் கெட்டது. ஹாரனுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்றால், எந்த வயர், எந்த ஃப்யூஸ் என்று காட்ட வேண்டியது மறுக்கிறவர் பொறுப்பு.

நம் அண்ணன் என்ன செய்வார்? விண்டோவை அப்போதே விட்டுக்கொடுத்துவிட்டு, கிளட்சுக்காக மத்தியானம் வரை சண்டை போடுவார்.

நியாயம் என்ன என்பது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. அமெரிக்காவில் 1975-லேயே, எங்கள் பிராண்டு பாகத்தைப் போட்டால்தான் வாரண்டி என்று பொதுவாக முடிச்சுப் போடக் கூடாது எனச் சட்டம் வந்துவிட்டது. இங்கே போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகத்தையும் ரிப்பேரையும் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டதற்காக. அபராதம் கோர்ட்டு கோர்ட்டாக ஏறியது தனிக் கதை. அந்த உத்தரவில் ஒரு வாசகம் நமக்கு வேண்டியது: வெளியே ரிப்பேர் பார்த்தார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளி வேலையால் வந்த கெடுதல் எந்த அளவோ அந்த அளவுக்கு மறுக்கலாம். அது ரிப்பேருக்குச் சொன்னது, இப்படி வண்டியை மாற்றும் ஆல்டருக்கு இல்லை. ஆனாலும் ஏர் ஹாரனுக்கும் ஜன்னலுக்கும் இடையே இதே அளவுகோலை வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

அட்வைசரையும் வில்லனாக்க வேண்டாம். வாரண்டி வேலையை டீலர் முதலில் செய்துகொடுத்துவிட்டு, கழற்றிய பழைய பாகத்தைப் பத்திரமாக எடுத்துவைத்து, கம்பெனியிடம் காசு கேட்க வேண்டும். ஆடிட்டுக்கு வரும் ஆள் அந்தப் பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெளி ஃபிட்டிங்கின் வாடை அடித்தால் தொகையைப் பிடித்துவிடுவார். டெபிட் நோட்டு டீலர் தலையில், திட்டு இந்தத் தம்பி தலையில். ஆகவே சந்தேகம் வந்தால் ‘வராதுங்க’ என்பதே அவருக்குச் சேமம்.

டெபிட் நோட்டு என்றால் என்ன என்று திருப்பூர்ப் பக்கம் தொழில் செய்கிறவருக்கு விளக்க வேண்டியதில்லை. சண்டை உச்சத்தில் இருக்கும்போது அண்ணன் போன் அடிக்கும். ஈரோட்டு வியாபாரி. பத்தடி தள்ளிப் போய்த்தான் பேசுவார், ஆனால் குரல் பவர் டேபிள் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

“ஏனுங்க, நான் பிளெய்னாத்தானுங்க குடுத்தேன். வெளிய பிரிண்டிங் போட்டது நீங்க. க்யூரிங் சூட்டுல துணி சுருங்கிப்போச்சுன்னா பிரிண்டிங்காரரத்தான் கேக்கோணும்... என்னது? காலர் தையல் பிரியுதா? பிரிண்டிங் போட்ட பீஸ் எதுக்கும் நான் பொறுப்பில்லீங்க. டெபிட் எல்லாம் போட்டுராதீங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அட்வைசர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். திருப்பூர்ப் பையனோ என்னவோ, வீட்டில் யாராவது டைலராக இருந்திருக்கலாம்.

“சார், காலர்ல பிரிண்டிங் இல்லையேங்க?”

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்ப்பார். பனியன் தொழிலில் இருபது வருஷம் பழுத்தவருக்குக் கணக்குப் புரிய நேரமாகாது.

“அப்படீன்னா தம்பி, ஜன்னல்லயும் ஹாரன் இல்லையேங்க?”

விண்டோ மோட்டார் அன்றே வாரண்டியில் மாறியது. கிளட்சுக்கு அண்ணன் காசு கட்டினார், முணுமுணுத்துக்கொண்டே. ஈரோட்டுக்குப் போன் போட்டு, காலர் பிரிந்த பீஸை மட்டும் தனியாகக் கட்டி அனுப்பச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் மறுபடி நாலு கால். இந்தத் தடவை மாட்டுகிற வேலை.

இவ்வளவு சாமர்த்தியம் எல்லா அட்வைசரிடமும் கிடைக்காது, எல்லா அண்ணன்களுக்கும் ஈரோட்டுப் போன் சரியான நேரத்தில் வராது. அதனால் ஆல்டர் ஆசாமிகளுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி கழற்றுவதற்குச் செலவழிக்கும் நேரத்தில் ஒரு கால் மணியை அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கச் செலவழியுங்கள். பேட்டரிக்கும் டயருக்கும் வாரண்டி பெரும்பாலும் அதைத் தயாரித்த கம்பெனியிடம். கார்க்காரரிடம் அதற்குச் சண்டை போட்டுத் தொண்டை வறள வேண்டாம். கூடுதலாகப் போட்டதை இன்சூரன்ஸில் சொல்லிப் பிரீமியம் கட்டாவிட்டால் அதற்கு இழப்பீடு கிடைக்காது. வாரண்டி வராது என்றால், எந்த ஃபிட்டிங் எந்தப் பாகத்தைக் கெடுத்தது என்று ஜாப் கார்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். ட்யூனிங் பாக்ஸ் போட்டு எரித்த கிளட்சுக்காக மட்டும் அந்த எண்ணைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.