அட்டை பண்ணுற பேத்திக்கு

ஏ தாயி, மிஷின் வாங்கிட்டியாமுல்ல? உங்கம்மா போன்ல சொல்லிப் பெருமூச்சு விட்டா. கையால சுத்துற மிஷின் ஒண்ணு, அதுக்குத் தோதா டை ஒரு பை, ஸ்டாம்ப் ஒரு பெட்டி, இங்க் பேடு ஒரு பெட்டி, ஜிகினா மட்டும் தனியா ரெண்டு பெட்டி. ரொம்ப நல்ல காரியம். பிளாட்பாரத்துல பத்து ரூவாய்க்கு விக்கிற வாழ்த்து அட்டைய மனுசன் வாங்குவானா? பத்தாயிரத்துக்குச் சாமான் வாங்கிப் போட்டு நாமளே ஒண்ணு பண்ணிக்கிடுறதுல இருக்குற சிக்கனம் வேற எதுல இருக்கு!

உன்னயக் குத்தம் சொல்ல முடியாது, ரத்தத்துல ஊறுனது. உங்க தாத்தன் நான், சிவகாசி அச்சாபீஸ்ல பஞ்சிங் மிஷின் பக்கத்துல நின்னே தலை நரைச்சவன். தீப்பெட்டிக்கும் வெடிக்கும் லேபிள் வேணும்னு வந்த அச்சுத் தொழில், பெறகு காலண்டரு, டைரி, வாழ்த்து அட்டைன்னு ஊரையே வளைச்சுப் போட்டுருச்சு. ஊருக்குத்தான் தை மாசம் பொங்கல். எங்களுக்கு அது மாசக்கணக்கா முந்தியே மிஷின்ல ஓடிக்கிட்டிருக்கும். கரும்பு, பானை, மாடு, எம்.ஜி.ஆரு, சிவாஜி, பெறகு ரஜினி, கமல்னு அடிச்சுத் தள்ளுவோம். நீ இப்ப ‘டை கட்’னு நாக்கச் சுழட்டிச் சொல்லுறியே, அதே சோலிதான் எங்களுக்குப் பஞ்சிங்.

எங்க டை எப்படி இருக்கும் தெரியுமா? நல்ல தடிமனான ப்ளைவுட் பலகை. அதுல படத்த வரைஞ்சு, கோட்டு மேலயே ரம்பத்த விட்டு அறுத்து, அந்தக் கீறலுக்குள்ள எஃகு பிளேடை வளைச்சு வளைச்சு அடிச்சு எறக்குவாக. பிளேடு ஒசரம் 23.8 மில்லி. வெட்டுறதுக்குக் கூர் பிளேடு, மடிக்கிற எடத்துக்கு மொட்டை பிளேடு. மொட்டை கொஞ்சம் குட்டையா இருக்கும். பிளேடுக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் ஒட்டணும், இல்லன்னா வெட்டுன அட்டை டைக்குள்ளயே குடியிருந்துக்கிடும். இதுல ஒரு களவாணித்தனமும் உண்டு. கூர் பிளேடுல அங்கங்க ரவ்வூண்டு உரசி எடுத்து விட்டுருவாக. அந்த எடத்துல அட்டை அறாது, ஒரு நூலளவு ஒட்டிக்கிட்டே நிக்கும். அதுனாலதான் தாளு மிஷின விட்டு வாரவரைக்கும் முழுத் தாளா வரும், பெறகு அடுக்கி வச்சுக் கழிவைத் தட்டி உதுக்கலாம். மிஷின் வாயத் தொறந்து தொறந்து மூடும். தாளு வைக்கிற கை, அது மூடுறதுக்குள்ள வெளிய வந்துரணும். பத்து வெரலும் முழுசா இருந்தா, புதுசாச் சேந்த ஆளு போலருக்குன்னு கேலி பேசுவோம்.

உன் டை அந்தப் பலகைக்குப் பேரப்புள்ள. அமிலத்துல அரிச்செடுத்த மெல்லிசுத் தகடு, அதுல பூவும் வண்ணத்துப்பூச்சியும். வெரலுக்கு ஆபத்தில்ல, பர்சுக்குத்தான். இப்ப புத்திமதி சொல்றேன். நீ கேக்க மாட்ட, இருந்தாலும் சொல்றது என் சோலி.

டையோட கூர் பக்கம் தாளைப் பாத்திருக்கணும். எந்தப் பக்கம் கூர்னு தெரியலயா, நகத்த வச்சுத் தடவு, தட்டுப்படும். தலைகீழா வச்சு ஓட்டுனா தாளுல தடம் மட்டும் விழும், பலகைதான் வெட்டுப்படும். பலகைன்னு சொல்லும்போது ஞாபகம் வருது, அந்த பிளாஸ்டிக் பலகைய ஒவ்வொரு தடவையும் புரட்டிப் போட்டு ஓட்டு. ஒரே பக்கமா ஓட்டுனா அதுக்கும் என்னைய மாதிரி முதுகு வளைஞ்சுரும்.

பாதி வெட்டி பாதி வெட்டாம வந்துச்சுன்னு வையி, உடனே பெரிய மிஷின் வாங்கக் கெளம்பிராத. அழுத்தம் பத்தாத எடத்துக்கு நேரா ஒரு துண்டுத் தாளைக் கூட வச்சு மறுபடி ஓட்டு. எங்க ஃபோர்மேன் டிஷ்யூத் தாளைக் கிழிச்சு எச்சி தொட்டு ஒட்டுவாரு, அதுக்குப் பேரு ‘மேக்ரெடி’. உங்க காலத்துல அதே துண்டுக்கு ‘ஷிம்’னு பேரு வச்சுப் பொட்டலம் கட்டி விக்கிறாகளாம். அதையும் வாங்கிருக்கியா? சரி, வாங்குனது வாங்குனதா இருக்கட்டும். நுணுக்கமான டையில தாளு சிக்கிக்கிட்டு வரலன்னா, அடுத்த தடவை டைக்கும் தாளுக்கும் நடுவுல மெழுகுத் தாளு வையி. பெறகு டையோட முதுகுப்பக்கத்து ஓட்டைகள்ல ஊசிய விட்டுப் பையப் பைய நெம்பு. அவசரப்பட்டா வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு றெக்கைதான் மிஞ்சும்.

ஸ்டாம்ப்பு சங்கதி தனி. புது ஸ்டாம்ப்புல மசி நிக்காது, துளித்துளியா ஒதுங்கி நிக்கும். பென்சில் அழிக்கிற ரப்பரால லேசாத் தேய்ச்சா முறுக்கு எறங்கி ஏத்துக்கிடும். பெரிய ஸ்டாம்ப்பா இருந்தா அதத் தூக்கிப் பேடுல குத்தாத. ஸ்டாம்ப்ப மல்லாக்கப் போட்டு, பேடை எடுத்து அதுமேல தட்டு, எல்லா எடமும் ஒண்ணுபோல மசியாகும். அடிக்கும்போது நேரா எறக்கு, அமுக்கு, நேராத் தூக்கு. உருட்டாத. சர்க்கார் முத்திரைய உருட்டி அடிக்கிறாகன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு, அத யாரும் படிச்சுரக் கூடாது. உனக்கு அந்தக் கட்டாயம் இல்லையே.

மசியிலயும் ரெண்டு வகை. சாய மசி வெரசாக் காஞ்சுரும். பிக்மெண்ட் மசி நின்னு நிதானமாக் காயும். அந்தக் காயாத ஈரத்துல எம்பாசிங் பொடியத் தூவி, மிச்சத்தத் தட்டி விட்டுச் சூடு காட்டுனா, உருகிப் பளபளன்னு எழும்பி நிக்கும். நீ என்னமோ நேத்துதான் ஒலகத்துல கண்டுபுடிச்சது கணக்கா வீடியோ அனுப்புற. கல்யாணப் பத்திரிகைக்கும் விசிட்டிங் கார்டுக்கும் ‘ரைஸ்டு பிரிண்டிங்’னு இதையேதான தாயி நாங்க செஞ்சோம்! தலை காய வைக்கிற டிரையரு இதுக்கு ஆகாது. சூடு பத்தாது, காத்து மட்டும் புயலா அடிக்கும், தங்கப் பொடியெல்லாம் உங்கம்மா சாம்பாருல போயி விழும். அதுக்குன்னு இருக்குற ஹீட் கன்தான் வேணும். பொடி மினுங்குன ஒடனே கைய எடுத்துரணும், ரொம்பக் காட்டுனா அமுங்கிரும், அட்டையும் கருகும். பொடி தூவுறதுக்கு முந்தி, மொகத்துக்குப் போடுற பவுடரை அட்டை மேல லேசாத் தடவிரு. இல்லாட்டி நீ வெரல் வச்ச எடமெல்லாம் கைரேகை தங்கத்துல எழும்பும். பேங்குல அடையாளம் கேட்டா மட்டும் அப்படியே விடு.

இன்னொண்ணு. கடையில விக்கிற ஸ்டாம்ப்பு முக்காவாசி இங்கிலீசுதான் பேசுது. ‘ஹேப்பி பர்த்டே’ய எனக்கு யாரு வாசிச்சுக் காட்டுவா? பெரிய அழிரப்பரா ஒண்ணு வாங்கு. தாளுல பென்சிலால அழுத்தமா எழுதி, அத ரப்பர் மேல கவுத்துப் போட்டு நகத்தால தேயி. எழுத்து தானா எடவலம் மாறி விழும், அந்தத் தடத்தச் சுத்திச் செதுக்கிக்கோ. மாத்தாமச் செதுக்குனா ‘ப’ தப்பிச்சுக்கிடும், ‘ட’ முதுகக் காட்டும். எனக்கு அப்படி அனுப்புனாலும் செல்லும். ஈய எழுத்தத் தலைகீழாப் படிக்கிற கம்பாசிட்டருகளோட பழகுன ஆளு நானு. உங்க சின்னத்தாத்தாவுக்குத்தான் செல்லாது, அவனுக்கு நேரா எழுதுனாலே சந்தேகம்.

பூ ஸ்டாம்ப்பு எத்தன வச்சிருக்க? சும்மா கேட்டேன். வெண்டைக்காயக் காம்புக்குக் கீழ குறுக்க வெட்டி மசியில தொட்டு வையி, அஞ்சு இதழோட பூ விழும். மிச்சக் காயி புளிக்கொழம்புக்கு. இந்த வசதிய எந்த ஸ்டாம்ப்புக் கம்பெனி குடுக்கும்?

நீ மூணு ராத்திரி முழிச்சு ஒரு அட்டை பண்ணுறியாம். இத ஆரம்பிச்சு வச்ச மனுசன் கதையக் கேட்டுக்கோ. லண்டன்ல ஹென்றி கோல்னு ஒருத்தரு. 1840-ல இங்கிலாந்துல ஒரு பென்னிக்குக் கடிதாசி போகும்னு வந்துச்சுல்ல, அந்த ஏற்பாட்டுல அவருக்கும் பங்கு உண்டு. தபாலு மலிவாச்சு, கிறிஸ்துமசுக்குக் கடிதாசியா வந்து குமிய ஆரம்பிச்சுருச்சு. எல்லாத்துக்கும் எவன் ஒக்காந்து பதில் எழுதுறது? 1843-ல ஹார்ஸ்லின்னு ஓவியரைப் புடிச்சு ஒரு படம் போடச் சொன்னாரு. ஆயிரம் அட்டை அச்சடிச்சு, கையால வண்ணம் தீட்டி, தனக்குப் போக மிச்சத்த ஒரு ஷில்லிங்குன்னு விக்க விட்டாரு. யாருக்கு, யாரு அனுப்புறதுன்னு எழுத மட்டும் எடம். குடும்பமே ஒக்காந்து ஒயின் குடிக்கிற படம், சின்னப் புள்ளைக்கும் ஊட்டி விடுறாக. மதுவிலக்குக்காரவுக சண்டைக்கு வந்துட்டாக. ஆக, எழுத நேரமில்லாத மனுசன் நேரத்த மிச்சம் புடிக்கப் பண்ணுனது இது. உன் மூணு ராத்திரிக் கணக்க அவரு கேட்டா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துருவாரு.

அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் போதும். மடிக்கிறதுக்கு முந்தி ரெண்டு வாக்குலயும் லேசா வளைச்சுப் பாரு. எந்த வாக்குல சொன்னபடி கேக்குதோ, அதுதான் நாரு ஓடுற தெசை, மடிப்பு அதோட போகணும். குறுக்க மடிச்சா வெடிப்பு விழுந்து வெள்ளை தெரியும். மை தீந்த பால்பாயிண்ட் பேனாவும் ஸ்டீல் ஸ்கேலும் வச்சு மொதல்ல ஒரு கோடு அமுத்து. மறுபக்கம் மேடு எழும்பும், அந்த மேடு மடிப்புக்கு உள்பக்கம் இருக்கணும். கூறுள்ளவுகளே இத மாத்தி மடிக்கிறாக. மடிப்ப நீவுறதுக்குன்னு எலும்புல ஒரு சாமான் விக்கிறாகளாமே? நம்ம கறிக்கடைக்காரரு காதுக்கு எட்டாமப் பாத்துக்கோ, வெலைய ஏத்திருவாரு.

கடைசியா எடை. சதுர மீட்டருக்கு 300 கிராம்ங்கிறதுதான் அந்த ஜிஎஸ்எம். சதுர மீட்டர 16-ஆப் பிரிச்சா ஒரு ஏ4. அப்ப ஒரு ஏ4 அட்டை 18.75 கிராம். அத அப்படியே ரெண்டா மடிச்சுப் புட்டா, கவருக்குள்ள போறதுக்கு முந்தியே 20 கிராம் வாசல்ல நிக்கிற. அதுமேல இன்னொரு அடுக்கு, ஃபோம் டேப்பு வச்சுத் தூக்கி நிறுத்துன பூ, முத்து, ரிப்பன். தபாலுக்கு 20 கிராம் வரைக்கும் 5 ரூவா, தாண்டுனா இன்னொரு 5. நீ ஒத்த அஞ்சு ரூவா ஸ்டாம்ப்ப ஒட்டிப் போட்டுருவ, இங்க தபால்காரரு ‘பேரிங் கவரு’ன்னு வந்து நிப்பாரு. கொறஞ்ச காசுக்கு ரெண்டு மடங்கு வாங்குறவன் தலையில. ஏ4-ஐ ரெண்டா வெட்டி, பாதிய மடிச்சா இந்தத் தொல்லை பாதியாக் கொறையும். ஆனா உனக்கு எதுக்கு இந்தக் கணக்கு? பண்ணுன அட்டையெல்லாம் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுட்டு டப்பாவுல அடுக்கி வச்சிருக்கியாமே. தபால்காரருக்கு நடை மிச்சம்.

ஒருவேள மனசு வந்து எனக்கு ஒண்ணு அனுப்புறதா இருந்தா, உள்ள ஒண்ணும் எழுதிராத. பேரு மட்டும், அதுவும் பென்சில்ல. அழிச்சுட்டு உங்க சின்னத்தாத்தாவுக்கு அனுப்பிருவேன். அவன் வருசா வருசம் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புறான், நான் திருப்பி அனுப்புனதே இல்ல, ஓசியில கணக்கு நேராயிரும். கைப்பட ரெண்டு வரி எழுதித் தொலைச்சன்னு வையி, அத அங்கிட்டும் அனுப்ப முடியாது, நானே வச்சுக்கிட்டு அவதிப்படணும். எப்படியோ அனுப்பு. பேரிங்ல வந்தா பத்து ரூவாயக் கட்டி வாங்கிக்கிடுறேன். அந்தப் பத்த உங்கப்பன் கணக்குல எழுதிக்கிடுறேன், அவன்கிட்ட பழைய பாக்கியே கெடக்கு.