மயினியின் வாக்கிங்

அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டப் போகும் பெண்ணை யாரும் "நட" என்பதில்லை. விடியுமுன்னே மேடு பள்ளம் ஏறி, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்வது கூலிக்கணக்கு; உடற்பயிற்சியில் சேராது. நைட்டிக்கு மேல் தோர்த்தும் காலில் புது ஷூவுமாக ரோட்டில் நடக்கும் மயினிக்குத்தான் அந்தப் பெருமை. வாரம் 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மயினி முடித்துவிடுவாள், வழியில் டீக்கடைப் பழம்பஜ்ஜியும் முடியும். வருஷக்கணக்கில் எடை ஏன் நிலைக்கிறது என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

"வயித்தக் கொறைக்கப்பிடாதா?" என்கிறார் அண்ணன், மரச்சீனிக்கும் மீன்கறிக்கும் மறுபடி தட்டை நீட்டியபடி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் எடை கூடிய தமிழகப் பெண்கள் 40.4 சதவீதம். ஆண்கள் 37. அவர்களுக்கு யாரும் ஷூ வாங்கித் தரவில்லை.