எண்ணெய் குடித்த நாய்

பணக்கார ஊர் என்று பெயர் வாங்குவது சுலபம். காலடியில் பெட்ரோலியம் இருந்தால் போதும். அதை யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று கேட்காமலும் இருந்துவிட்டால், அரசாங்கத்தில் நல்ல பிள்ளை என்ற பெயரும் சேர்ந்து கிடைக்கும்.

கஜகஸ்தானின் மேற்குக் கோடி, மங்கிஸ்தாவ் பாலைவனம். அங்கே 1961இல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். எண்ணெய் எடுக்கவே ஜனவோசென் என்ற ஊரைக் கட்டினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக எண்ணெய் தடையில்லாமல் வருகிறது. குடிநீர்தான் எங்கோ ரஷ்யாவில் ஓடும் வோல்காவிலிருந்து குழாய் வழியே வர வேண்டும். காய்கறியும் வெளியூர்ச் சரக்கு. உள்ளூரில் விளைவது வெளியே போய்விடும்; வெளியே விளைவது உள்ளே வந்தால் யானை விலை, குதிரை விலை.

1991க்குப் பிறகு, சோவியத் பொருளாதாரத்தைச் சந்தைப் பொருளாதாரமாக மாற்றுகிறோம் என்றார்கள். மாற்றினார்கள், பொய் சொல்லக் கூடாது. கிணறு இருந்த இடத்திலேயே இருந்தது. வரவு மட்டும் ஊர் மாறியது. தேசிய எண்ணெய் நிறுவனத்துக்குத் தலைநகர் அஸ்தானாவில் தலைமையகம். 2006இல் அதன் கிளை நிறுவனப் பங்குகள் லண்டன் சந்தையில் ஏறின. ஜனவோசென் கிணறுகளும் அந்தக் கணக்கில்தான் போயின. எண்ணெய்த் தொழிலின் குணமே இது. முதலைக் கோடி கோடியாய் விழுங்கும், வேலை கொடுப்பதில் மட்டும் சிக்கனம். வேலை கிடைத்தவன் சம்பளத்தில் மொத்தக் குடும்பமும் தொங்கும். கிடைக்காதவன் அதே கடையில் அதே விலைக்குத் தக்காளி வாங்குவான்.

புள்ளிவிவரக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. எண்ணெய் எடுக்கும் அத்திராவ் மாகாணத்தில் தலைக்கு வரும் உற்பத்தி, விவசாயத்தை நம்பிய தெற்கின் துர்கிஸ்தானைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு என்று கணக்குக் காட்டுவார்கள். அப்படியானால் அத்திராவ்காரன் பத்து ஆள் சாப்பாடு சாப்பிடுகிறானா? பீப்பாய் உருண்டு போகிற வழியில் நிற்கிறான், அவ்வளவுதான். தலைக்கு இவ்வளவு என்று கணக்கில் தடவிய எண்ணெயில் ஒரு சொட்டைக்கூட அந்தத் தலை கண்டதில்லை. துர்கிஸ்தான்காரனுக்கு அந்தக் கணக்கு மரியாதைகூட இல்லை.

பணம் எங்கே போனது என்று தேடி அலைய வேண்டாம். 1997இல் அன்றைய அதிபர் நசர்பாயேவ் தலைநகரை வடக்கே புல்வெளிக்கு மாற்றினார். அந்த ஆண்டின் நினைவாக 97 மீட்டர் உயரத்தில் பார்வைத் தளம் வைத்த கோபுரம் ஒன்று. அந்தத் தளத்தில் தங்கத்தில் அவருடைய உள்ளங்கைப் பதிவு. வருகிறவர்கள் அதில் கை வைத்து வேண்டிக்கொள்ளலாம். 2010இல், அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு, கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த பிரம்மாண்டக் கூடாரம் திறக்கப்பட்டது. உள்ளே கடைகள்; மேல்தளத்தில் செயற்கைக் கடற்கரை. வெளியே உறைபனி, உள்ளே நீச்சல் உடை. அந்தக் கடற்கரைக்கு மணலை மாலத்தீவிலிருந்து இறக்கினார்கள்! மங்கிஸ்தாவில் மணலுக்குப் பஞ்சமில்லை, கடலும் இருக்கிறது. ஆனால் அங்கே எண்ணெய் மட்டும்தான் தலைநகரின் கண்ணுக்குத் தெரியும்.

2011 மே மாதம் ஜனவோசென் தொழிலாளர்கள் சம்பளமும் பாலைவனத்தில் உழைப்பதற்கான கஷ்டப்படியும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நாட்டுச் சராசரியைவிட உங்களுக்கு அதிகம்தானே என்று பதில் வந்தது. திருடும்போது வராத சராசரி, கேட்கும்போது வந்துவிடும். வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். நூற்றுக்கணக்கானவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இதைக் கண்டித்துப் பாடகர் ஸ்டிங் அஸ்தானாவில் நடக்கவிருந்த கச்சேரியையே ரத்து செய்தார். பாட்டுக்காரருக்குப் புரிந்தது பொருளாதார ஆலோசகர் ஒருவருக்கும் புரியவில்லை. டிசம்பர் 16, சுதந்திரத்தின் இருபதாம் ஆண்டு நாள். தொழிலாளர்கள் மாதக்கணக்கில் கூடியிருந்த சதுக்கத்திலேயே விழா மேடை போட்டார்கள். கலவரம் வெடித்தது, போலீஸ் சுட்டது. அரசுக் கணக்குப்படியே குறைந்தது 14 பேர் செத்தார்கள்.

எண்ணெய் குடித்த நாயை விட்டுவிட்டு எதிரே வந்த நாயை அடித்தார்கள் என்று நம்மூரில் சொல்வார்கள். அரசு நிதியத்தின் தலைவராக இருந்த நசர்பாயேவின் மருமகனுக்குப் பதவி போனது. எண்ணெய்த் தொழிலாளர்களுக்குச் சிறை கிடைத்தது. சரியாக முப்பதாம் நாள் தேர்தல், ஆளுங்கட்சிக்கு ஏறக்குறைய 81 சதவீத வாக்கு. பிணத்துக்கு வாக்குரிமை இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த ஆண்டே, கேம்பிரிட்ஜில் இந்தச் சாவுகளைப் பற்றி எப்படிப் பேசினால் பதமாக இருக்கும் என்று நசர்பாயேவுக்குக் கடிதம் எழுதினார் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் டோனி பிளேர். சனநாயகத்தை உலகுக்குக் கற்பிக்கிறவர் அல்லவா, கூலிக்கும் கற்பிப்பார்.

2022 ஜனவரி முதல் தேதி, வண்டிகளுக்கு ஊற்றும் எரிவாயுவின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். ஜனவோசெனில் விலை இரட்டிப்பாகி லிட்டர் 120 டெங்கேவை எட்டியது. அதே ஊரில்தான் எரிவாயு ஆலையும் இருக்கிறது. மறுநாளே மக்கள் தெருவுக்கு வந்தார்கள், நாடே பற்றிக்கொண்டது. அல்மாத்தியைத் தாக்கியவர்கள் 20 ஆயிரம் பேர் என்றார் நசர்பாயேவுக்கு அடுத்து வந்த அதிபர் டோகாயேவ். ஏழைகளை எண்ண வராத அரசுக்குப் பயங்கரவாதிகளைச் சட்டென்று எண்ண வந்தது. எச்சரிக்கையில்லாமல் சுட உத்தரவு போட்டார். இறந்தவர்கள் 238 பேர் என்பது அரசே ஒப்புக்கொண்ட கணக்கு.

மங்கிஸ்தாவில் எரிவாயு விலையை 50 டெங்கேவாகக் குறைக்கும் அறிவிப்பு ஜனவரி 4ஆம் தேதி வந்தது, அதாவது விலை ஏறிய நான்காம் நாள். முடியாத காரியம் ஒன்றுமில்லை; மனம்தான் இல்லை. எண்ணெய் நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் அஸ்தானாவில்தான் இருக்கிறது.