மால்ட்டைத் தேர்ந்தெடுப்பவர் மாப்பிள்ளை

ஸ்காட்லாந்துக்காரர்கள் தாம்பரத்துக்குக் குடிவந்து தொண்ணூறு வருஷம் ஆகப்போகிறது. ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்டிஷ் பாதிரியார் 1837இல் மதராசில் தொடங்கிய பள்ளிக்கூடம், வில்லியம் மில்லரின் கையில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937இல் தாம்பரத்துக் காட்டுக்குள் இடம்பெயர்ந்தது. பைபிள் வந்தது, ஷேக்ஸ்பியர் வந்தார், விலங்கியல் வந்தது. சொந்த ஊரின் இன்னொரு பிரசித்தமான சரக்கைப் பாதிரிமார் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. அதே 1937 அக்டோபரில்தான் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்தார்.

விடுபட்ட அந்தச் சரக்கு இப்போது மீனம்பாக்கம் விமான நிலையம் வழியாக வந்துகொண்டிருக்கிறது.

தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் ஒரு மாமா இருக்கிறார். ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். வெயில் தாழ்ந்த பிறகு மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே ஒரு பெக், ஒரு மணி நேரம். 'அளவு குறைஞ்சா தரம் ஏறணும்' என்று பழைய சகா ஒருவர் ஓதிவிட்டதிலிருந்து சிங்கிள் மால்ட் விஸ்கி என்ற ஆசை பிடித்துக்கொண்டது. எந்த சிங்கிள் மால்ட் என்ற கேள்விக்குப் புத்தகங்கள் நாக்கைக் கேள் என்கின்றன. தாம்பரத்தில் நாக்குக்கு இந்த விஷயத்தில் கடைசி இடம்தான். முதல் இடம் சட்டத்துக்கு, அடுத்தது சுங்கத்துக்கு, பிறகு சொந்தக்காரர்களுக்கு.

1983இல் மொத்த வியாபாரத்துக்காக ஆரம்பித்த டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்துக்கொண்டது. பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் கடையின் கம்பிவலைக்கு முன்னால் சரக்கைப் பெயர் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. விலையைச் சொல்லிக் கேட்பார்கள், குவார்ட்டர் வரும். மாமா ஒருநாள் அந்த வரிசையில் நின்று, "ஷெர்ரி பீப்பாயில ஊறினது ஏதாவது இருக்கா?" என்று விசாரித்தார். உள்ளே இருந்தவர் பதில் சொல்லவில்லை. பின்னால் இருந்தவர் சொன்னார்: "பெருசு, ஊறினது வேணும்னா பக்கத்துல ஊறுகாய் இருக்கு. சட்டுனு நகரு."

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, ஜி.எஸ்.டி. ரோட்டையே முதுகெலும்பாகக் கொண்ட ஊர்க்காரர்களுக்குச் சில மாதம் நடைப்பயிற்சி கிடைத்தது. வெளிநாட்டுச் சரக்கு வேண்டுமென்றால் டாஸ்மாக்கின் எலைட் கடைக்குப் போக வேண்டும். அங்கே ஏ.சி. உண்டு, பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். விலைச்சீட்டைப் பார்த்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடவும் செய்யலாம். ஸ்காட்ச்சுக்கு வெகுகாலமாக 150 சதவீத இறக்குமதி வரி.

ஆகவே மாப்பிள்ளை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஊருக்கு வரும்போது, சுங்க விதிப்படி வரியில்லாமல் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். டியூட்டி ஃப்ரீயில் பல பாட்டில்கள் ஒரு லிட்டர் அளவிலேயே வருவதால் கணக்கு கச்சிதம். ஆனால் மாமனாரும் மாப்பிள்ளையும் இதைப் பற்றி வாய்விட்டுப் பேசிக்கொள்வதில்லை. அந்தப் பழக்கம் சேலையூருக்கு இன்னும் வரவில்லை. "ஏர்போர்ட்ல ஆஃபர் போட்டிருந்தான் மாமா" என்று மாப்பிள்ளை ஒரு பையை நீட்டுவார். "எதுக்கு மாப்ளே வீண் செலவு" என்று கேட்டுக்கொண்டே மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். பை பீரோவுக்குள், பட்டு வேட்டிக்குப் பின்னால் போய்விடும். மாமிக்குத் தெரியாது என்று இருவரும் நம்புகிறார்கள். மாமியோ மணிபிளான்ட் வைக்க கிளென்ஃபிடிக்கின் முக்கோண பாட்டில் எப்போது காலியாகும் என்று நாள் எண்ணுகிறார்.

பேசிக்கொள்ளாததன் விளைவு, ஒருமுறை லஃப்ராய்க் வந்து சேர்ந்தது. அது ஐலா தீவுச் சரக்கு. அங்கே முளைகட்டிய பார்லியை, பீட் என்ற சதுப்புநில மக்கு மண்ணை எரித்த புகையில் உலர்த்துகிறார்கள். அந்தப் புகையும் டிங்சர் நெடியும் பாட்டில் வரை கூடவே வரும். அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் இது மருந்தென்று சொல்லி உள்ளே போனதாக ஒரு கதை உண்டு. மாமா ஒரு வாய் உறிஞ்சினார். 1928இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் வந்த ஊர் இது. "சானடோரியத்துல இறங்கி நேரா வார்டுக்குள்ள போன மாதிரி இருக்கு" என்றார்.

இந்தப் புகையை விரும்பித் தேடிக் குடிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சாயங்காலம் காற்று வாங்கிக்கொண்டு குடிக்கத் தொடங்குகிறவருக்கு அது ஏழாம் பாடம். முதல் பாடம் ஸ்பேசைடு: கிளென்ஃபிடிக், கிளென்லிவெட் மாதிரி மென்மையான, பழவாசனைச் சரக்குகள். ஷெர்ரி பீப்பாயில் கிடந்தது என்றால் உலர்திராட்சை வாசனை ஏறும். சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் என்ற பெயருக்கு நிபந்தனைகள் சில: ஒரே வடிசாலை, மால்ட் செய்த பார்லி மட்டும், ஸ்காட்லாந்து மண்ணில் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம். மாமா இதுநாள்வரை உச்சம் என்று நினைத்திருந்த பிளாக் லேபிள், பல வடிசாலைகளின் மால்ட்டும் தானிய விஸ்கியும் கலந்த கலவை. உள்ளூர் விஸ்கியில் பெரும்பகுதி கரும்புக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்கவே விடமாட்டார்கள்.

பாட்டிலில் போட்டிருக்கும் 12 என்பது உள்ளே இருப்பதிலேயே இளையதன் வயது. வயது ஏறுவது பீப்பாயில்தான், கண்ணாடிக்குள் இல்லை. பேரன் கல்யாணத்துக்கென்று பட்டு வேட்டிக்குப் பின்னால் இருபது வருஷம் வைத்தாலும் அது 12தான். தாம்பரத்து மே மாதச் சூட்டில் கார்க் காய்ந்துபோவதுதான் மிச்சம். பாட்டிலை நிறுத்திவைக்க வேண்டும், படுக்கவைக்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். சில சொட்டு விட்டால் வாசனை எழும்பும் என்பது குடிகாரர் பேச்சு என்றே மாமா நினைத்திருந்தார். சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் 2017இல் கணினியில் போட்டுப் பார்த்து, தண்ணீர் சேரும்போது புகைவாசனை தரும் குவையகால் மூலக்கூறு திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது என்று எழுதினார்கள். அவர்கள் சேலையூர் போர்வெல் தண்ணீரைக் கணக்கில் சேர்க்கவில்லை. இங்கே 20 லிட்டர் கேனைச் சாய்த்துத்தான் அந்த மூன்று சொட்டை எடுக்க வேண்டும். மாமா பேரனின் மருந்துச் சொட்டுக் குழாயைக் கழுவி வைத்துக்கொண்டிருக்கிறார். ஐஸ் போட்டால் மூக்குக்கு வேலை இல்லை. காரமான மிக்சர் ஒரு பிடி போட்டால் நாக்குக்கும் வேலை இல்லை. உப்பு மட்டும் போட்ட வறுகடலை போதும்.

மாப்பிள்ளையை நம்பாமலும் ஒரு வழி உண்டு. ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் பெங்களூரு. அங்கே தயாராகும் அம்ருத் சிங்கிள் மால்ட், 2004இல் தைரியமாக கிளாஸ்கோவிலேயே போய் அறிமுகமானது. அதன் ஃப்யூஷன் விஸ்கிக்கு ஜிம் மரே தன் 2010ஆம் வருஷ விஸ்கி பைபிளில் உலகின் மூன்றாம் இடம் கொடுத்தார். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு 2 சதவீதம் ஆவியாகும்; பெங்களூருச் சூட்டில் 10 சதவீதத்துக்கு மேல். நாலைந்து வருஷத்துக்குள் முதிர்ந்துவிடும், மிச்சம் இருந்தால்.

2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 150 சதவீத வரி முதலில் 75 ஆகும், பத்து வருஷத்தில் 40 ஆகும். மாமா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 75 ஆகியிருக்கும். சர்க்கரை எவ்வளவு ஆகியிருக்கும் என்பதை ஒப்பந்தத்தில் யாரும் எழுதவில்லை.

அதனால் பொங்கலுக்கு மாப்பிள்ளை வருவதற்கு முன் மகள் மூலமாகச் செய்தி போனது. லஃப்ராய்க்கும் பச்சை பாட்டில், கிளென்ஃபிடிக் பன்னிரண்டும் பச்சை பாட்டில் என்பதால், "முக்கோணப் பச்சை வேணுமாம், உருண்டைப் பச்சை வேண்டாமாம்" என்று மகள் வாட்ஸ்அப்பில் விவரமாகவே எழுதினாள். மாப்பிள்ளை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அடுக்களையிலிருந்து மாமி குரல் கொடுத்தார்: "ரெண்டும் முக்கோணமாவே வாங்கச் சொல்லுடி, வாசல் ரெண்டு பக்கமும் ஜோடியா வைக்கலாம்."